அறிக்கையின் முகப்பில் ஐந்து பெயர்கள்



பள்ளிக்கூடத்தில் ஐந்து பிள்ளைகளை ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்கள் கையில் ஓர் ஆராய்ச்சி வேலையைக் கொடுத்து, "எல்லோரும் சேர்ந்து செய்து வாருங்கள்" என்று ஆசிரியர் அனுப்பி வைக்கிறார். 'புராஜெக்ட்' என்று பிள்ளைகள் அதைச் சொல்லுகிறார்கள். ஒரு மாதம் சென்றபின் பைண்டு செய்த அறிக்கை வந்து சேருகிறது. முகப்பில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. ஆனால் வேலையில் பாதிக்கு மேல் செய்தது ஒரே பிள்ளை. மூன்று பேர் அங்கங்கே கை கொடுத்தார்கள். ஐந்தாவது பிள்ளை கொடுத்தது தன் பெயரை மட்டுமே. இது வகுப்பறிந்த இரகசியம்.

பிள்ளைகள் விஷயந்தானே, இதை வாரப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். பலர் சேர்ந்து உழைக்குமிடத்தில் யார் எதைச் செய்வது, யாருக்கு எது சேரும் என்னும் கேள்வியை ஒரு பிள்ளை முதன்முதலாக நேருக்கு நேர் சந்திப்பது இங்கேதான். இங்கே பழகிய பழக்கத்தையே அது பின்னாளில் அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் தன் சொந்தக் குடும்பத்துக்கும் கொண்டுபோகும். நம் ஊரின் பெயரே சிக்கல். இன்னொரு சிக்கலை அவிழ்க்க உட்காருவதில் நமக்குக் கூச்சம் என்ன?

நம் மாவட்டத்தில் பிறந்தவர் ஒருவரின் மாணவப் பருவத்திலிருந்து தொடங்குவோம். அப்துல் கலாம் 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும், பிறகு திருச்சி சூசையப்பர் கல்லூரியிலும் படித்து, 1950-களின் நடுவில் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்கச் சேர்ந்தார். சேரும்போது கட்டவேண்டிய ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய சகோதரி சோரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிப்பின் முடிவில் அவருக்கும் வேறு நான்கு தோழர்களுக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுக்கப்பட்டது: தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். காற்றை எதிர்த்து விமானம் எவ்விதம் செல்லும் என்பதைக் கணித்து வடிவம் வரைவது கலாமின் பொறுப்பு. இயந்திரம், உடற்கட்டு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழில் 'அக்கினிச் சிறகுகள்' என்று பெயர் பெற்ற நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

பின்னர் நடந்ததை நீங்கள் மேடைப் பேச்சுகளில் கேட்டிருப்பீர்கள். பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். வேலை மிகவும் பின்தங்கியிருக்கிறது என்று கண்டித்தார். கலாம் ஒரு மாதம் தவணை கேட்டார். பேராசிரியர் கொடுத்தது மூன்றே நாள். திங்கட்கிழமை காலைக்குள் விமானத்தின் அமைப்பு வரைபடம் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்று வெள்ளிக்கிழமை பிற்பகல் சொல்லிப்போனார். அன்றிரவு சாப்பாட்டையும் விட்டு வரைபலகையின்முன் நின்ற மாணவர், ஞாயிறு காலையில் முடிக்கும் தறுவாயில் இருந்தார். பேராசிரியர் டென்னிஸ் உடையோடு வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மேடையில் இதைச் சொல்பவர்கள் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். அதில் தவறில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. அந்தக் கதையில் நான்கு தோழர்கள் இருக்கிறார்கள் அல்லவா? இறக்கையின் அகலமும் உடலின் நீளமும் தீர்மானமாகாமல், இயந்திரத்தை எங்கே பொருத்துவது? உடற்கட்டு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? வரைபடம் ஒரு மாதம் தாமதித்தால், சோம்பேறித்தனம் சிறிதும் இல்லாத நால்வர் ஒரு மாதம் கைகட்டி நிற்பார்கள். வேலையை ஐந்து பாகமாக வெட்டிவிட்டதாலேயே அது ஐந்து தனி வேலையாகிவிடாது. ஒருவனுடைய பாகம் மற்றவனுடைய பாகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் என் பங்கைத் தாமதிக்கும்போது பிறருடைய நாட்களைச் செலவழிக்கிறேன். பிறர் பணத்தை எடுத்தவன் திருப்பிக் கொடுக்கலாம். பிறர் நாளை எடுத்தவன் எதைக் கொண்டு திருப்புவான்? பேராசிரியரின் கடுமையில் அந்த நால்வருக்குச் செய்யப்பட்ட நீதியும் அடங்கியிருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகக் கூடி, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆசிரியர் துணையோடு ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அதன் முறை. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தார் அதைப் பள்ளிதோறும் கொண்டுசென்றார்கள். அத்தகைய ஒரு குழு நம் வட்டாரத்துக் கிணறுகளிலும் ஊருணிகளிலும் உள்ள உப்பை ஆராய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்கு அலையும் நம் தாய்மாருக்கு இதைவிடப் பிரயோசனமான ஆராய்ச்சி வேறென்ன இருக்கிறது?

இந்த வேலையைப் பிள்ளைகள் எப்படிப் பங்கிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவன் தண்ணீர் எடுத்து வருவான். ஒருத்தி உப்பளவைப் பார்ப்பாள். ஒருவன் பெரியவர்களிடம் போய் அந்தக் காலத்தில் தண்ணீர் எப்படியிருந்தது என்று விசாரிப்பான். ஒருத்தி அட்டவணை போட்டுப் படம் வரைவாள். கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் அறிக்கை எழுதுவான். எழுதுகிற வேலை உயர்ந்தது, தண்ணீர் எடுக்கிற வேலை தாழ்ந்தது என்று அவர்கள் மனத்தில் ஒரு தராசு இருக்கும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுப்பார்கள்.

அந்தத் தராசு பொய்த் தராசு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வாலிநோக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோன பாட்டிலை அலசாமல் எடுத்துவந்து, அதன் அடியில் இரண்டு தேக்கரண்டி கடல் நீர் தங்கியிருக்க, அதிலேயே ஒரு லிட்டர் கிணற்று நீரைப் பிடித்தால், அந்த நீரின் உப்புக் கணக்கில் 350 மில்லிகிராம் திருட்டுத்தனமாக ஏறிவிடும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு தண்ணீருக்கு வழியில்லையேல் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் சொல்லுகிறது. நானூறு இருந்த நல்ல கிணறு, கழுவாத ஒரு பாட்டிலால் எழுநூற்றைம்பதாகிக் கெட்ட கிணறு என்று பெயர் வாங்கிவிடும். அதன்பின் அட்டவணை எவ்வளவு அழகாயிருந்தென்ன, அறிக்கையின் தமிழ் எவ்வளவு இனிதாயிருந்தென்ன? எடுக்கப்போகும் அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, எந்தக் கிணறு, எந்த நாள், எத்தனை மணி என்று சீட்டெழுதி ஒட்டிய பிள்ளையே அந்த ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் போட்ட பிள்ளை. இதை அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லுவதில்லை. சொல்லாததினாலேயே அது அலசாமல் விடுகிறது.

ஆகவே பங்கிடும்போது தலைக்கு இரண்டு பக்கம் என்று பாகம் போடுவது நியாயமல்ல. எல்லோரும் ஒரு முறையாவது உட்கார்ந்து, முழு வேலையும் என்ன, எந்தப் பாகம் எதற்காக, எது முதலில் முடிந்தால் எது தொடங்கலாம் என்று பேசியாக வேண்டும். தண்ணீர் எடுப்பவனுக்கு அட்டவணை எதற்கென்று தெரியவேண்டும். எழுதுபவன் ஒரு நாளாவது கிணற்றடிக்குப் போயிருக்க வேண்டும். இதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்தால் போதும்.

சோம்பேறியைப் பற்றி நான் நீட்டிப் பேசப்போவதில்லை. அவனை ஆசிரியரும் திட்டுகிறார், தாயும் திட்டுகிறாள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியல் அறிஞர் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்து, 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியே இழுத்தால் காட்டும் பலத்தில் ஏறக்குறைய பாதியே வெளிப்பட்டது. அதற்குக் காரணம் மனிதன் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளுவது மட்டுமன்று; எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் ஒரு காரணம். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு இதைப் பிரெஞ்சுக்காரர் வந்து சொல்லவேண்டியதில்லை. அம்பாப் பாட்டு எதற்காகப் பாடுகிறார்கள்? கைகள் ஒன்றாக இழுக்கத்தான். வலையின் ஒரு பக்கத்தார் தங்கள் பலத்தைக் காட்ட முந்தி இழுத்தால் வலை கோணிக்கொண்டு மீன் வெளியேறும். பலம் குறைந்தவன் மட்டுமல்ல, பலத்தை அளவின்றிக் காட்டுபவனும் வலையைக் கெடுக்கிறான்.

நான் சொல்ல விரும்பும் பிள்ளை அந்த இரண்டாமவன். எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளை. அவனை எல்லோரும் புகழுகிறோம். "மற்றவர்களுக்குக் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள், சாமி, அதனால் நானே செய்துவிட்டேன்" என்கிறான். கேட்பதற்குத் தியாகம்போல இருக்கிறது. சற்றுக் கிட்டப்போய்ப் பாருங்கள். மற்ற நால்வரும் கற்றுக்கொள்ள வேண்டியதை அவன் எடுத்துக்கொண்டான். அவர்கள் தவறு செய்து திருத்திக்கொள்ளும் உரிமையையும் எடுத்துக்கொண்டான். பிறகு, அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று ஊரெல்லாம் சொல்லவும் செய்கிறான்! அவன் செய்தது வேலைப் பறிப்பு. உடைமையைப் பறிப்பது மட்டுமா அநீதி? ஒருவன் தன் கையால் ஒரு நல்ல காரியத்தைச் செய்து, "இது நான் செய்தது" என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பைப் பறிப்பதும் அநீதியே. பல சமயம் இந்தக் கெட்டிக்காரனுக்கு வேலைமேல் இருக்கும் பிரியத்தைவிடத் தன் பெயர்மேல் இருக்கும் பிரியமே அதிகம்.

(பிள்ளைக்குப் பதிலாகத் தகப்பனார் உட்கார்ந்து எழுதுவதும், கடையில் காசு கொடுத்து வாங்கி ஒட்டுவதும் இதைவிட ஒரு படி மேலே. அந்த வீடுகள் எவை என்று நான் கேட்கமாட்டேன்.)

பெயர் என்றேனே, கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வேலை செய்யாத தோழனின் பெயரையும் சேர்த்துப் போட்டால் அது பிறர்சிநேகம் அல்லவா? விட்டுவிட்டால் அவன் மதிப்பெண் போய்விடுமே! ஞானோபதேசம் நன்றாகப் படித்த பிள்ளை ஒன்று, "திராட்சைத் தோட்டத்துக்காரர் கடைசி மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம் கொடுக்கவில்லையா?" என்று நம்மையே மடக்கும். நல்ல கேள்வி. அதைச் சிரித்துத் தள்ளக்கூடாது.

அந்த உவமையில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கடைசியில் வந்தவனும் தோட்டத்துக்குள் இறங்கி அந்த ஒரு மணி நேரம் உழைத்தான். சந்தையிலேயே நின்றுகொண்டு கூலி வாங்கவில்லை. அடுத்தபடியாக, எஜமான் கொடுத்தது தம் சொந்தப் பணம். தாராளம் என்பது நம்முடையதைக் கொடுப்பது. அறிக்கையின் முகப்பிலுள்ள பெயரோ கூலியன்று, அது சாட்சி. "இந்த வேலையில் எனக்குப் பங்குண்டு, இதில் எழுதியிருப்பதற்கு நான் பதில் சொல்லுவேன்" என்று வாசிப்பவரிடம் ஒருவன் கையடித்துச் சொல்லுவதே பெயர் போடுவது. சாட்சியை ஒருவன் மற்றொருவனுக்குத் தானமாகக் கொடுக்க முடியாது. நான் பாராத சம்பவத்துக்கு என் சிநேகிதன் என் பெயரைச் சாட்சியாக எழுதிவைத்தால், அவன் எனக்கு உபகாரம் செய்தானா, என்னைப் பொய்ச் சாட்சியாக்கினானா?

பெரிய ஆராய்ச்சிக்காரர்களும் இதே இடத்தில்தான் வந்து நின்றார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஒரு கட்டுரைக்கு ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொள்ள நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆராய்ச்சியில் கணிசமான பங்கு இருக்கவேண்டும். எழுதுவதிலோ திருத்துவதிலோ கை இருக்கவேண்டும். முடிந்த கட்டுரையைப் படித்துச் சம்மதித்திருக்க வேண்டும். அதில் எங்கே சந்தேகம் எழுந்தாலும், பிறர் செய்த பாகமாயிருந்தாலும், அது விசாரிக்கப்பட்டுத் தீர்வதற்குத் தானும் பொறுப்பேற்க வேண்டும். கடைசி நிபந்தனையை 2013-இல்தான் சேர்த்தார்கள். பணம் திரட்டிக் கொடுத்தவருக்கும் மேற்பார்வை மட்டும் பார்த்தவருக்கும் நன்றி சொல்லலாம். அவர்களை ஆசிரியராக்கக் கூடாது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைவிட நேரான அளவுகோல் வேண்டியதில்லை. நடுவர் ஐவரில் யாரைத் தொட்டுக் கேட்டாலும், தன் பாகத்தை விவரமாகவும் மற்றவர் பாகத்தைச் சுமாராகவும் சொல்லத் தெரியுமானால் ஐந்து பெயரும் உண்மை. வேலை செய்யாத தோழனுக்குச் செய்யக்கூடிய பிறர்சிநேகம் வேறு இருக்கிறது: கடைசி மணியானாலும் அவனைத் தோட்டத்துக்குள் அழைப்பது. இன்னும் இரண்டு கிணறு பார்க்கவேண்டியிருக்கிறது, சைக்கிளை எடு, வா என்று கூப்பிடுவது. அதற்கும் வரமாட்டேன் என்றால் ஆசிரியரிடம் அவன் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் சொல்லுவது புறங்கூறுதல்.

மேடையில் நின்று ஆய்வை எடுத்துச் சொல்லுவது அநேகமாகக் குழுத் தலைவனின் வேலையாகிவிடுகிறது. ஒருவன் மேடையிலும் நால்வர் பெஞ்சிலும் இருப்பார்கள். தலைமை என்பது என்னவென்பதற்கும் கலாமின் வாழ்க்கையிலேயே ஒரு பாடம் உண்டு. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்தை நடத்தியவர் கலாம். பத்திரிகைக்காரர்களுக்கு முன் உட்கார்ந்து தோல்விக்குப் பதில் சொன்னவர் அவருக்கு மேலிருந்த சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது, தவான் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் பேச விட்டார். குழுத் தலைவனாக நிற்கும் பிள்ளை, நடுவர் குற்றம் காணும்போது "நாங்கள்" என்றும், பாராட்டும்போது இன்னார் செய்தது என்று பெயர் சொல்லியும் பேசப் பழகட்டும். மேடையில் மறதி வந்துவிடும் என்றால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளட்டும்!

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குழுவில் ஒரு பெண் இருந்தால் அழகாக எழுதுவதும் வண்ணம் தீட்டுவதும் அவளுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். கருவியும் மேடையும் பையன்களுக்குப் போகின்றன. அவளை யாரும் கேட்பதில்லை. 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர், சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் துணையோடு, பள்ளிக்கு ஒரு சிறு பாகமாகச் செய்து சேர்த்த 'ஆசாதிசாட்' என்ற எட்டுக் கிலோ செயற்கைக்கோளை நினைவில் கொள்ளுங்கள். மதுரைக்கு அருகில் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்டு 7-ஆம் நாள் எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது ஏறியது. இரண்டாம் நிலை பிரிந்தபோது உண்டான ஒரு கண அதிர்ச்சியில், வேகமாற்றத்தை அளக்கும் கருவிகள் பழுதாகிவிட்டன என்று ராக்கெட்டின் கணினி முடிவுகட்டியது. போதிய வேகம் கிட்டாமல், வட்டப் பாதையில் நிலைக்கவேண்டிய செயற்கைக்கோள் நிலைக்காமல் வீழ்ந்தது.

திருமங்கலத்துப் பிள்ளைகள் செய்த பாகத்தில் அந்தத் தோல்விக்குக் காரணமான பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் அதுவும் மற்றவற்றோடுதான் போயிற்று. கூட்டு வேலையில் கையெழுத்திடுபவன் இதற்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறான். என் பாகம் சரியாயிருந்தது என்று ஒதுங்குவதற்கு அங்கே தனி வாசல் இல்லை. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10-ஆம் நாள், 'ஆசாதிசாட்-2' அதே வகை ராக்கெட்டில் ஏறித் தன் பாதையை அடைந்தது.

ஐந்தாவது பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு செய்யுமுன் ஒன்று விசாரியுங்கள். பள்ளி விட்டதும் நேரே மிளகாய்க் காட்டுக்கோ உப்பளத்துப் பாத்திக்கோ தாயோடு போகிற பிள்ளையாக அது இருக்கலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாத பெண்பிள்ளையாக இருக்கலாம். மாலை ஐந்து மணிக்குக் கூடுவோம் என்று நால்வர் தீர்மானித்தபோது, அந்த மணி அதற்கு ஒத்துவருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது நீதியாகிவிடாது, அவனவன் நிலைக்குத் தக்கபடி பகிர்வதே நீதி என்று அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குயினாஸ் போதித்ததைக் குருமடத்தில் படித்தேன். அந்த நூல்களில் உப்பளத்துப் பிள்ளை வரவில்லை. ஆனால் அதற்கும் அது பொருந்தும்.

அப்படிப்பட்ட பிள்ளை விடியுமுன் தண்ணீருக்குப் போகிறதல்லவா? அது போகிற வழியிலேயே இரண்டு கிணறுகள் இருக்கின்றன. ஒரு சுத்தமான பாட்டிலும், சீட்டும், பென்சிலும் அதன் கையில் கொடுங்கள். வாரத்தில் மூன்று நாள், யாரும் இறைக்காத அந்த நேரத்தில், கிணற்றுமட்டம் எத்தனை முழம் என்று கயிற்றால் அளந்து எழுதி, நீரும் பிடித்து வரட்டும். மாலை ஐந்து மணிக்குக் கூடும் நால்வரில் ஒருவராலும் அந்தக் கணக்கை எடுக்க முடியாது.